நினைவு விளையாட்டுகளின் வரலாறும் எங்கள் அத்தையும்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் அத்தையின் மடியில் ஒரு தட்டைக் கணினியை வைத்தேன். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. டிமென்சியா எனப்படும் மறதி நோய் அவரைப் பற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் நல்லது என்று பலரும் சொல்லக் கேட்டு, இணையத்திலிருந்து ஒரு நினைவு விளையாட்டைப் பதிவிறக்கம் செய்திருந்தேன். கவிழ்த்து வைக்கப்பட்ட பன்னிரண்டு அட்டைகள். ஒன்றைத் தொட்டால் பனிமனிதன், இன்னொன்றைத் தொட்டால் ஸ்ட்ராபெரிப் பழம், மற்றொன்றில் ஆந்தை. இரண்டிரண்டாக இணை சேர்க்க வேண்டும். அத்தை தொட்டார். ‘ட்ட்ர்ர்’ என்றோர் ஒலி. திரையில் சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி. மீண்டும் தொட்டார். மீண்டும் அதே ஒலி. மூன்றாம் முறை ஒலித்ததும் கணினியை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் என்ன தப்பு செஞ்சேன், பாப்பா?”

நாற்பதைக் கடந்த என்னை அவர் இன்னும் பாப்பா என்றே அழைக்கிறார். அவ்வகையில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. இருபது ஆண்டுகளாகச் சிவப்புப் பேனாவால் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களில் அதே குறியைப் போட்டுக்கொண்டிருப்பவள் அல்லவா நான்! இந்த விளையாட்டுக்குள் அந்தச் சிவப்புக் குறி எப்படி வந்து புகுந்தது என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கிட்டியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நினைவாற்றலைப் போற்றியதில் நம்மவர்க்கு எவரும் இளைத்தவர் அல்லர். அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் நீதிநூல்களும் மனப்பாடமாகவே கற்பிக்கப்பட்டன. ஓலையும் எழுத்தாணியும் இருந்தபோதிலும் கல்வி என்பது நெஞ்சில் ஏற்றுவதே. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரி பள்ளியில் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியபோதும், பின்னர்த் தோட்டப்புறங்களில் பள்ளிகள் எழுந்தபோதும், அம்முறை கடல் கடந்து நம்மோடு வந்து சேர்ந்தது. என் அத்தையும் அவ்வாறு வாய்பாடு ஒப்புவித்துப் படித்தவரே.

மனப்பாடத்தின் உச்சம் அவதானக் கலை. தமிழில் கவனகம் என்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிவார். இன்னொருவர் மணி அடிப்பார். அத்தனையையும் நினைவில் நிறுத்தி இறுதியில் ஒன்றும் பிசகாமல் விடையளிக்க வேண்டும். கோட்டாற்றில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை நினைவில் நிறுத்திக் காட்டிச் ‘சதாவதானி’ என்று பெயர் பெற்றார். இவ்வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பர். ஆயினும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவையின் நடுவே ஒருவர் அமர்ந்திருக்க, சுற்றிலும் இருப்பவர் அனைவரும் அவரைச் சோதிக்கின்றனர். நினைவு என்றாலே சோதனைதான் என்னும் எண்ணம் நம் இரத்தத்தில் ஊறியது.

பாவலரின் அந்நிகழ்ச்சிக்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1901ஆம் ஆண்டில், உலகின் இரு வேறு மூலைகளில் ஒரே விளையாட்டு இரு வேறு வேடங்களில் தோன்றியது. ஒன்று கதையில். ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ‘கிம்’ என்னும் புதினம் அவ்வாண்டில் நூலாக வெளிவந்தது. அதில் சிம்லா நகரத்து நகைக்கடைக்காரர் ஒருவர் ஒரு தட்டில் மணிக்கற்களைப் பரப்பிக் கிம் என்னும் சிறுவனுக்குக் காட்டுவார், பிறகு மூடிவிடுவார், என்னென்ன இருந்தன என்று கேட்பார். உளவாளியாக ஆவதற்கான பயிற்சி அது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிரபு அதைத் தம் கையேட்டில் சேர்த்துக்கொண்டார். இன்றும் புறப்பாட நடவடிக்கைகளில் சாரணர் பிள்ளைகள் விளையாடும் ‘கிம் விளையாட்டு’ இதுவே. தட்டில் அழிப்பான், சாவி, குண்டூசி, கோலி முதலியவற்றை வைத்துத் துணியால் மூடி நானும் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்.

மற்றொன்று நடந்தது மருத்துவமனையில். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் அகுஸ்தே டேட்டர் என்னும் ஐம்பத்தொரு வயது பெண்மணி அழைத்து வரப்பட்டார். அவரைச் சோதித்தவர் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். பென்சில், பேனா, பணப்பை, சாவி, குறிப்பேடு, சுருட்டு என ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பெண்மணி அனைத்தின் பெயரையும் சரியாகவே சொன்னார். பொருள்களை மறைத்துவிட்டு என்ன காட்டினேன் என்று கேட்டபோது அவரால் சொல்ல இயலவில்லை. கிம் விளையாட்டேதான்! ஆனால் தோற்றவருக்குக் கிடைத்தது நோயாளி என்னும் பெயர். 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் அல்சைமர் அவருடைய மூளையில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டில் கிரேப்பெலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். அகுஸ்தேயின் மருத்துவக் கோப்பு நெடுங்காலம் காணாமற்போய் 1995ஆம் ஆண்டில்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்டெடுக்கப்பட்டது. அதனால்தான் அந்தப் பென்சிலும் சுருட்டும் நமக்குத் தெரியவந்தன.

இவ்விரண்டு கிளைகளும் தனித்தனியே வளர்ந்தன. விளையாட்டுக் கிளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓவியம் தீட்டிய சிப்பிகளை இணை சேர்க்கும் ஆட்டம் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு. இங்கிலாந்தில் சீட்டுக்கட்டைக் கவிழ்த்து இணை தேடும் ஆட்டத்துக்குப் ‘பெல்மனிசம்’ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் தோன்றிய பெல்மன் நிறுவனத்தின் பெயரால் வந்தது அது. அஞ்சல்வழி நினைவுப் பயிற்சி விற்ற அந்நிறுவனம், மனம் அலைபாய்வது நிற்கும், வாழ்வில் உயரலாம் என்றெல்லாம் நாளிதழ்களில் விளம்பரம் செய்தது. 1959ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ராவென்ஸ்பர்கர் பதிப்பகம் அதே ஆட்டத்தைப் பட அட்டைகளாக்கி ‘மெமரி’ என்னும் பெயரில் வெளியிட்டது. பனிமனிதனுக்கும் ஆந்தைக்கும் அதுவே பாட்டி வீடு.

மின்னணுக் காலம் 1978இல் வந்தது. ரால்ஃப் பேர், ஹோவர்ட் மோரிசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘சைமன்’ என்னும் பொம்மையில் நான்கு வண்ண விளக்குகள் இருந்தன. அவை ஒளிரும் வரிசையை நினைவில் வைத்து அதேபோல் அழுத்த வேண்டும். பேர் அதற்கான நான்கு ஒலிகளைப் போர்க்கொம்பின் சுரங்களிலிருந்து தேர்ந்தெடுத்தாராம். எந்த வரிசையில் ஒலித்தாலும் காதுக்கு இனிமையாக இருக்கும் என்பது காரணம். எவ்வளவு நுட்பமான மனிதர்! அவ்வளவு நுட்பமானவரின் பொம்மையும் நாம் தவறிவிட்டால் மட்டும் கரகரவென்று கத்தும். என் அத்தையைக் கலங்கவைத்த ‘ட்ட்ர்ர்’ ஒலியின் மூதாதையை நான் அங்கேதான் கண்டேன்.

இங்கே நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக இயலாது. சைமன் போன்ற பொம்மைகள் உருவாகக் காரணம் சில்லுகள் மலிவானதே. அச்சில்லுகளை ஒருங்கிணைத்த இடங்களுள் பாயான் லெப்பாஸும் ஒன்று. துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972ஆம் ஆண்டில், நெல்வயல்கள் இருந்த இப்பகுதியில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது. 1968இல் தொடங்கப்பட்டு முதலில் நினைவகச் சில்லுகளையே தயாரித்த இன்டெல் நிறுவனம், வெளிநாட்டில் தன் முதல் ஒருங்கிணைப்புத் தொழிற்சாலையை அமைத்தது இங்கேதான். அவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இளம்பெண்களே வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மலாய், சீன, இந்தியப் பெண்கள் நிறுவனப் பேருந்துகளில் வந்திறங்கி, நுண்ணோக்கியில் கண்பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் இணைத்தனர். அவர்களுள் ஒருவர் என் அத்தை. பதினெட்டு வயதில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இயந்திரங்களுக்கு நினைவைப் பொருத்திக் கொடுத்த கைகள் அவை. இன்று தேநீரில் சீனி போட்டாயிற்றா என்பதே அக்கைகளுக்கு ஐயம்.

மருத்துவக் கிளைக்கு வருவோம். 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் முப்பது மதிப்பெண் கொண்ட ஒரு சிறு சோதனையை வெளியிட்டனர். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் யாவை என்றெல்லாம் அது கேட்கும். உலகெங்கும் பரவிய சோதனை அது. ஆனால் பள்ளி வாசலையே மிதிக்காத முதியவருக்கு அதில் மதிப்பெண் குறைவது நோயினாலா, கல்வி இன்மையினாலா? பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரை எண்ணிப் பாருங்கள். இக்கேள்வியைக் கையிலெடுத்தவர்களே 1998இல் கொச்சியில் கூடித் தொடங்கப்பெற்ற ‘10/66’ ஆய்வுக் குழுவினர். மறதி நோயாளிகளில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அவர்களைப் பற்றியது என்பதே அப்பெயரின் பொருள். எழுத்தறிவு இல்லாதவருக்கும் பொருந்தும் சோதனை முறைகளை வகுக்க இந்தியாவில் அவர்கள் தேர்ந்த களங்களுள் சென்னையும் வேலூரும் அடங்கும். நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று கணித்தது. ஆனாலும் ‘ஞாஞோக்’ என்று மலாய்ச் சொல்லால் சிரித்து ஒதுக்கிவிடுவதே இங்கு வழக்கம்.

சோதனையும் விளையாட்டும் மீண்டும் கைகோத்தது 2005இல். தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டு உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. விளையாடி முடித்ததும் ‘உங்கள் மூளையின் வயது இவ்வளவு’ என்று அது கூறும். ஆனால் அதே ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வுதான் ஆசிரியையாகிய என்னைக் கவர்ந்தது. முதியோர் இல்லத்தில் மறதி நோயுற்றவர்களை வாய்விட்டு வாசிக்கவும் எளிய கணக்குகளைச் செய்யவும் வைத்தனர். ஆறு மாதத்தில் சிறு முன்னேற்றம் தென்பட்டதாம். பங்கேற்றவர்கள் பதினாறு பேர், ஒப்பீட்டுக்குப் பதினாறு பேர். இச்சிறு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆயினும் வாய்விட்டு வாசித்தலும் வாய்பாடும் நம் திண்ணைப் பள்ளியின் பாடத்திட்டமே அல்லவா?

விளம்பரக்காரர்கள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. பெல்மன் நிறுவனம் நாளிதழில் சொன்னதை ஒரு நூற்றாண்டு கழித்து மென்பொருள் நிறுவனங்கள் திரையில் சொல்லின. முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று போதிய சான்றின்றி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கில் 2016ஆம் ஆண்டு இருபது லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அப்படியானால் பயிற்சியால் பயனே இல்லையா? 2,832 முதியவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2014இல் வந்தன. ஆய்ந்தறிதலிலும் பார்வை வேகத்திலும் பயிற்சி பெற்றவர்களுக்கு அப்பயிற்சியின் பயன் அதே திறன்களில் நிலைத்திருந்தது. நினைவுப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் நிலைக்கவில்லை. அன்றியும், அவர்கள் ஆய்வில் சேர்ந்தபோது மறதி நோய் இல்லாதவர்கள். நலமாய் இருப்பவரின் பயிற்சி வேறு. என் அத்தைக்கு வேண்டுவது வேறு. இவ்வேறுபாட்டை நான் முன்பே அறிந்திருந்தால் அந்தப் பனிமனிதனைப் பதிவிறக்கம் செய்திருக்க மாட்டேன்.

என் தவறு எதுவென்று தெளிவாக்கியது பேட்லி, வில்சன் என்னும் இரு பிரித்தானிய உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ‘தவற்றிலிருந்து கற்றல்’ என்று நாங்கள் படித்தோம். பிள்ளை தவறு செய்கிறது, திருத்துகிறோம், தவறிய கணத்தை அது நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை விலகிச் செல்கிறது. நினைவிழந்தவரிடம் இது தலைகீழாகிவிடுகிறது. தாம் தவறியதே அவருக்கு நினைவிராது. ஆனால் ஒருமுறை சொன்ன தவறான விடை, தடம் பதித்ததுபோல் மனத்தில் தங்கி, மறுமுறையும் அதுவே முதலில் வந்து நிற்கும். ஆகவே அவர்களை ஊகிக்கவே விடாமல், முதலிலேயே சரியானதைக் காட்டிவிட வேண்டும் என்பது அவ்வாய்வின் முடிவு. சிவப்புக் குறி போட்டுப் போட்டு நான் அத்தைக்குப் பயிற்சி அளித்தது எதில் என்று புரிகிறதா? தவறுவதில்!

மற்றொரு திருப்பம் 2003இல் நேர்ந்தது. ஏமி ஸ்பெக்டர் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் இங்கிலாந்தில் 201 நோயாளிகளைக் கொண்டு ஒரு குழுப் பயிற்சியை ஆராய்ந்தனர். ஏழு வாரங்கள், வாரம் இருமுறை, மொத்தம் பதினான்கு அமர்வுகள். உணவு, பிள்ளைப் பருவம், பணம், ஒலிகள், சொல் விளையாட்டு என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள். இதன் அடிப்படை விதி மிக எளிது: உண்மையைக் கேட்காதே, கருத்தைக் கேள். ‘இந்தப் படத்தில் இருப்பவர் யார்?’ என்று கேட்டால் அது தேர்வு. ‘இவ்விருவரில் யாருடைய சேலை அழகு?’ என்று கேட்டால் அது உரையாடல். முன்னதற்குத் தவறான விடை உண்டு, பின்னதற்கு இல்லை. பயிற்சி பெற்றவர்களிடம் நினைவுத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. இம்முறையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்தது சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம். மனநலப் பணிக்காக 1984இல் தோன்றிய அந்நிறுவனத்தார் தம் முன்னோட்ட ஆய்வை 2017இல் வெளியிட்டனர். அடுத்து பிரேசில், தான்சானியா நாடுகளோடு இந்தியாவும் சேர்ந்த பன்னாட்டுத் திட்டத்திலும் சென்னை இடம்பெற்றது.

திரையிலும் இவ்வழியைக் காட்டியவர்கள் உள்ளனர். ஸ்காட்லாந்தில் டண்டி, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தினர் 2000களின் தொடக்கத்தில் ‘சிர்கா’ என்னும் தொடுதிரைக் கருவியை வடிவமைத்தனர். அதில் பழைய ஊர்ப் படங்களும் பாடல்களும் இருந்தன, மதிப்பெண் இல்லை. நோயாளியும் பராமரிப்பவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிக்கொள்ளவே அது உதவியது. நோயாளியின் சொந்தக் குடும்பப் படங்களை அவர்கள் சேர்க்கவில்லை. ‘இது யார் சொல்லுங்கள்’ என்று மீண்டும் தேர்வாகிவிடும் அல்லவா?

இவற்றையெல்லாம் படித்தபின் ஓர் இரவு அமர்ந்து நானே ஒன்றைத் தயாரித்தேன். பெரிதாக எண்ணிவிடாதீர்கள், வகுப்புக்குப் பயிற்றுத் துணைப்பொருள் செய்யும் அதே படவில்லை மென்பொருள்தான். அட்டைகள் கவிழ்ந்திருக்கவில்லை, எல்லாம் திறந்தே இருந்தன. கடிகாரம் இல்லை, புள்ளி இல்லை, சிவப்புக் குறி இல்லை. எதைத் தொட்டாலும் படம் பெரிதாகி மெல்லிய மணியோசை கேட்கும். பாம்புக் கோயில், பழைய பினாங்குப் படகு, அம்மிக்கல், தண்ணீர்மலை, மங்குக் கோப்பையில் கோப்பி, தொழிற்சாலைப் பேருந்து, நுண்ணோக்கி... படத்தின் கீழே ஒரு வினா. ‘தைப்பூசத்தில் வெள்ளி இரதமா, தங்க இரதமா, எது பிடிக்கும்?’ செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894ஆம் ஆண்டினது. தங்க இரதம் 2017இல் வந்தது. “வெள்ளிதான். அதுக்குத்தான் தேங்காய் உடைக்க ஆத்தா கூட்டிட்டுப் போகும்” என்றார் அத்தை. அன்று பகல் உண்டதை மறந்தவர்!

முதல் முயற்சியிலேயே எல்லாம் கூடிவரவில்லை. முதியவர்களின் உலர்ந்த விரல் நுனியைத் திரை சில வேளைகளில் உணர்வதில்லை. அவர்கள் தொடுவதற்குப் பதில் அழுத்திப் பிடிக்கின்றனர். பொத்தான்களைத் தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாக்கினேன். மணியோசையும் முதலில் அதிகமாகவே ஒலித்தது. வாசலில் யாரோ வந்திருப்பதாக எண்ணி இருமுறை எழுந்து போய்ப் பார்த்தார். பழைய பொருள்களே வேண்டும் என்னும் என் பிடிவாதமும் தளர்ந்தது. ஆர்லீன் ஆஸ்டெல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயுற்ற முப்பது பேர் பழகிய சீட்டாட்டத்தைப் போலவே முன்பின் அறியாத குமிழி உடைக்கும் விளையாட்டையும் மகிழ்ந்து விளையாடினர். அதைப் படித்துவிட்டுக் குமிழி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தேன். அரைமணி நேரம் விடவில்லை. என் மகன் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தான்.

அத்தையின் நோய் குணமாகவில்லை; இதனால் குணமாகும் என்று நான் எங்கும் சொல்லவும் மாட்டேன். சென்ற மாதம் என் பெயரை இருமுறை தேடினார். ஆனால் மாலை வேளைகளில் அந்தத் திரை எங்கே என்று கேட்கிறார்.

ஒருநாள் நுண்ணோக்கிப் படம் வந்தது. கீழே இருந்த வினாவை நான் வாசிக்கும் முன்னரே அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, முகத்தைச் சற்றே தாழ்த்தி, வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை இழுத்து, ஓரிடத்தில் அழுத்தி, மறுபடி இழுத்தார். நடுக்கமே இல்லை. மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவே பதியாமற்போன ஹென்றி மொலைசன் என்பவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் செய்தார் பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர். முன்பு வரைந்ததே நினைவில் இல்லாதபோதும் நாளுக்கு நாள் அவர் கை தேறியதை 1962இல் பதிவு செய்தார். கையின் நினைவு வேறிடத்தில் இருக்கிறது போலும் என்று புத்தகத்தில் படித்ததை அன்று நேரில் கண்டேன்.

சிறிது நேரம் கழித்துக் கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ எந்த லைன்ல வேலை செய்யற?” என்று கேட்டார்.

“உங்க லைன்தான், அத்தை” என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த படத்தைத் தொட்டார்.